சார்கோமா நோயாளிக்கு ட்ரையல் தேடுகிறீர்களா? அடுத்த மருந்தைத் தொடங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

என் தம்பிக்குத் தொடையில் வந்த கட்டி சைனோவியல் சார்கோமா. தசை, கொழுப்பு, எலும்பு போன்ற திசுக்களில் வரும் அரிய புற்றுநோய்தான் சார்கோமா, சைனோவியல் அதில் ஒரு வகை. ஆபரேஷன், ரேடியேஷன், கீமோ எல்லாம் முடிந்து ஒன்றரை வருடம் நிம்மதியாக இருந்தோம். அப்புறம் நுரையீரலில் மறுபடி தலைகாட்டியது. "கிளினிக்கல் ட்ரையல் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்" என்றார் டாக்டர். புது மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கும் ஆய்வுதான் அது. எங்கே பார்ப்பது, யாரைக் கேட்பது, எதை எடுத்துக்கொண்டு போவது என்று சொல்ல ஆள் இல்லை. ஏழு மாதம் அலைந்தோம். அதில் பாதி, வேலைகளின் வரிசை தெரியாததால் வீணானது. முதலில் செய்ய வேண்டியதையெல்லாம் கடைசியில் செய்துகொண்டிருந்தோம்.

நான் மருத்துவர் இல்லை. எந்த மருந்து நல்லது என்று இங்கே சொல்லப் போவதில்லை. காகிதம், திசு மாதிரி, தேதி, பணம் இந்த நான்கைப் பற்றி மட்டும்தான் பேசப் போகிறேன். நாங்கள் தடுக்கி விழுந்தது இந்த நான்கில்தான்.

1. நோயின் பெயர் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள்

ரிப்போர்ட்டில் "சாஃப்ட் டிஷ்யூ சார்கோமா" என்று மட்டும் இருந்தால் அது குடும்பப் பெயர்தான். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் இந்தக் குடும்பமே மொத்தம் 1 சதவீதம் அளவுதான். அதற்குள் 50-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. புது மருந்துகளுக்கான ட்ரையல்களில் பல வகை பார்த்துத்தான் ஆள் எடுக்கின்றன. கொழுப்புத் திசுவில் வரும் லைப்போசார்கோமாவிலேயே டீடிஃபரன்ஷியேட்டட் வகைக்கு ஒரு ட்ரையல், மிக்ஸாய்டு வகைக்கு வேறு ட்ரையல் என்று பிரிந்திருக்கும். ஒரு சொல் விடுபட்டால் உங்கள் விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிடுவார்கள்.

திசுவை நுண்ணோக்கியில் பார்த்து நோயைச் சொல்வது பேத்தாலஜி. இரண்டாவது பேத்தாலஜி கருத்து கட்டாயம் வாங்குங்கள். சார்கோமாவை அடிக்கடி பார்க்கும் பேத்தாலஜிஸ்ட்டாக இருக்க வேண்டும். ஃபிரான்சிலும் இத்தாலியிலும் 1463 நோயாளிகளின் மாதிரிகளை நிபுணர்கள் மறுபடி பார்த்த ஓர் ஆய்வு 2012-இல் வெளிவந்தது. முதல் ரிப்போர்ட்டும் மறு ரிப்போர்ட்டும் முழுதாக ஒத்துப்போனது 56 சதவீதம் பேருக்குத்தான். 8 சதவீதம் பேருக்கு முடிவே அடியோடு மாறியது. அந்த 8 சதவீதத்தில் நீங்கள் இருந்தால், வேறு நோய்க்கான ட்ரையலை மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

மரபணுச் சோதனை செய்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். சைனோவியல் என்றால் எஸ்எஸ்18 மரபணு முறிவு, டீடிஃபரன்ஷியேட்டட் லைப்போசார்கோமா என்றால் எம்டிஎம்2 பெருக்கம், எபிதிலியாய்டு சார்கோமா என்றால் ஐஎன்ஐ1 புரதம் இல்லாமை. இப்படி ஒவ்வொரு வகைக்கும் ஓர் அடையாளம் உண்டு. ட்ரையல் மையம் முதல் மின்னஞ்சலிலேயே இதைக் கேட்கும்.

2. பிளாக் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

பயாப்சியில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் பிளாக். நான் முதன்முதலில் பார்த்தபோது ஏமாற்றமாக இருந்தது. தீப்பெட்டியைவிடச் சிறிய பிளாஸ்டிக் சட்டம், நடுவில் வெள்ளை மெழுகு, அதற்குள் அரிசி மணி நீளத்தில் பழுப்பாக ஒரு கீற்று. ஓரத்தில் ஒரு எண். தம்பியின் அடுத்த சிகிச்சை அந்தக் கீற்றை நம்பித்தான் இருந்தது.

பிளாக்கிலிருந்து மெல்லியதாக வெட்டிக் கண்ணாடியில் ஒட்டியது ஸ்லைடு. எங்கள் மையம் கேட்டது சாயம் ஏற்றாத 15 ஸ்லைடுகள், இல்லாவிட்டால் பிளாக்கே. நாங்கள் கொண்டுபோனது சாயம் ஏற்றிய பழைய ஸ்லைடுகள். நோயை உறுதிசெய்ய அவை போதும், ஆனால் புதிய புரதச் சோதனை எதையும் அவற்றில் செய்ய முடியாது. திரும்பி வந்து பிளாக் கேட்டபோது அடுத்த அடி. பயாப்சி பிளாக்கை ஏற்கெனவே பல சோதனைகளுக்கு வெட்டி வெட்டித் தீர்த்திருந்தார்கள். ஆபரேஷனில் எடுத்த பிளாக் பெரிதாக இருந்தது, ஆனால் ரேடியேஷனுக்குப் பிறகு எடுத்ததால் அதில் பெரும்பகுதி செத்த திசு. கடைசியில் நுரையீரல் முடிச்சிலிருந்து புதிதாக ஊசி பயாப்சி செய்ய வேண்டியிருந்தது. மூன்று வாரம் போனது.

அதனால் இப்போதே பேத்தாலஜி துறைக்குப் போய் நேராகக் கேளுங்கள்: எத்தனை பிளாக் இருக்கிறது, எந்தத் தேதியில் எடுத்தது, எதில் உயிருள்ள கட்டித் திசு அதிகம், இன்னும் எத்தனை ஸ்லைடு வெட்டலாம்? நோயாளி கையெழுத்திட்ட கடிதம், அடையாள அட்டை நகல், பயாப்சி எண் மூன்றும் கையில் இருக்கட்டும். எங்களுக்குக் கடிதம் கொடுத்த நாளிலிருந்து 11 நாள் ஆனது. எல்லா பிளாக்கையும் ஒரே இடத்துக்கு அனுப்பிவிடாதீர்கள், ஒன்றாவது உங்கள் மருத்துவமனையில் இருக்கட்டும். அனுப்பியதற்கு ரசீது வாங்குங்கள். திருப்பித் தருவார்களா என்பதை எழுத்தில் கேளுங்கள். வெயில் காலத்தில் குளிர் ஜெல் பையோடு அனுப்பச் சொல்லுங்கள், மெழுகு இளகினால் திசு பாழாகலாம்.

ட்ரையல் தேட ஆரம்பிக்கும் முன்னரே சாயம் ஏற்றாத ஸ்லைடுகளை மொத்தமாக வெட்டி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். நாள்பட்ட ஸ்லைடில் சில புரதங்களின் அடையாளம் மங்கிவிடும், புதிதாக வெட்டியதுதான் வேண்டும் என்று பல மையங்கள் சொல்கின்றன.

3. அடுத்த மருந்தைத் தொடங்கும் முன் ட்ரையலைப் பற்றிக் கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நுரையீரலில் முடிச்சு தெரிந்த அதே வாரம் தம்பிக்கு பாஸோபானிப் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அங்கீகரிக்கப்பட்ட மருந்து, தவறாக எதுவும் எழுதவில்லை. சும்மா இருப்பதற்கு இதையாவது சாப்பிடட்டும் என்று நாங்களும் அன்றைக்கே தொடங்கிவிட்டோம். ஒன்பதாம் நாள் ஒரு ட்ரையல் மையத்திலிருந்து பதில் வந்தது: இடம் இருக்கிறது, வாருங்கள். போய் உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "கடைசியாக எடுத்த மருந்து எது, எந்தத் தேதி?" முந்தைய மருந்து உடம்பை விட்டுப் போக 14 நாள் இடைவெளி வேண்டும் என்றார்கள். சரி, காத்திருப்போம் என்று நிறுத்தினோம். அதற்குள் கல்லீரல் என்சைம் ஏறிவிட்டது. அந்த மாத்திரைக்கு அப்படி ஒரு பக்கவிளைவு உண்டு. ட்ரையல் வரம்புக்குள் இறங்க ஐந்து வாரம் ஆனது. இறங்கியபோது இடம் நிரம்பிவிட்டது.

நோய் வேகமாகப் போகிறது, மூச்சுத் திணறுகிறது என்றால் காத்திருக்கச் சொல்லவில்லை. அதை உங்கள் டாக்டர்தான் முடிவுசெய்ய வேண்டும். ஆனால் மருந்துச் சீட்டு கைக்கு வரும் அந்த நிமிடத்திலேயே இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: "டாக்டர், இதைத் தொடங்கினால் எந்த ட்ரையலில் சேர முடியாமல் போகும்? இரண்டு வாரம் பொறுத்தால் ஆபத்தா?"

நான்கு விதத்தில் இந்த வாய்ப்பு கைநழுவுகிறது. இடைவெளி விதி ஒன்று. மருந்துக்கு ஏற்ப 2 முதல் 4 வாரம் கேட்பது வழக்கம். இரண்டாவது, எத்தனை சுற்று சிகிச்சை முடிந்திருக்கிறது என்ற கணக்கு. இங்கே சுற்று என்பது ஒரு ஊசி அல்ல, ஒரு மருந்துத் திட்டம் முழுதும். சில ட்ரையல்கள் இதுவரை கீமோ எடுக்காதவர்களைத்தான் சேர்க்கும், சில குறைந்தது ஒரு சுற்றாவது முடிந்திருக்க வேண்டும் என்று கேட்கும். மூன்றாவது டாக்ஸோரூபிசின். இதயத்தைப் பாதிக்கும் என்பதால் வாழ்நாள் மொத்த அளவுக்கு எல்லை வைத்திருக்கிறார்கள், உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராம். அந்த மருந்தையே சேர்த்துக் கொடுக்கும் ட்ரையலில், முன்பே நிறைய ஏறியவருக்கு இடமில்லை. நான்காவது பலருக்கும் தெரியாதது: அளக்கக்கூடிய கட்டி ஒன்றாவது உடம்பில் இருக்க வேண்டும். பெரும்பாலான ட்ரையல்களில் சிடி ஸ்கேனில் 10 மில்லிமீட்டராவது இருந்தால்தான் கணக்கு. இருக்கிற ஒரே பெரிய முடிச்சை எடுத்துவிட்டாலோ, அதற்கு ரேடியேஷன் கொடுத்துவிட்டாலோ, மருந்து வேலை செய்கிறதா என்று அளக்க ஒன்றும் மிஞ்சாது. எடுப்பதுதான் சரியான சிகிச்சை என்றால் தயங்காமல் எடுங்கள். ஆனால் தெரிந்து எடுங்கள்.

4. பதிவேட்டில் தேடுங்கள்

அமெரிக்க அரசின் கிளினிக்கல்ட்ரையல்ஸ் டாட் கவ் தளத்தில் உலகம் முழுவதும் நடக்கும் ட்ரையல்கள் பதிவாகின்றன. ஒவ்வொன்றுக்கும் என்சிடி என்று தொடங்கி எட்டு இலக்கம் வரும் ஓர் எண் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குத் தனிப் பதிவேடு இருக்கிறது. பல நாடுகளின் பதிவேடுகளை ஒன்றாகத் தேட உலக சுகாதார நிறுவனத்தின் தேடல் தளம் இருக்கிறது. எல்லாமே இலவசம். ஓர் இடத்தில் மட்டும் தேடினால் உங்கள் நாட்டில் நடப்பது தப்பிவிடலாம்.

மூன்று முறை தேட வேண்டும். முதலில் நோய் வகையின் பெயரில், அதன் சுருக்கப் பெயரிலும் சேர்த்து. அடுத்து "சார்கோமா" என்று பொதுவாக. மூன்றாவது, மரபணு அல்லது புரதத்தின் பெயரில். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள், "சாலிட் ட்யூமர்" (கட்டியாக வரும் புற்றுநோய்) என்ற பொதுப் பெயரில் இருக்கும் ட்ரையல்கள் அதில்தான் கிடைக்கும். தம்பி இப்போது இருக்கும் ட்ரையலின் தலைப்பில் சார்கோமா என்ற சொல்லே கிடையாது.

"ரெக்ரூட்டிங்" (ஆள் சேர்க்கிறோம்) என்று போட்டிருந்தால் இடம் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று பாருங்கள். மொத்த ட்ரையல் திறந்திருந்தாலும் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் மையம் மூடியிருக்கலாம். உங்கள் வகைக்கான குழு மட்டும் நிரம்பியிருக்கலாம். தொடர்பு எண்ணுக்குப் போன் செய்து, என்சிடி எண்ணைச் சொல்லி, "இந்த மையத்தில், இந்த வகைக்கு, இந்த மாதம் இடம் இருக்கிறதா?" என்று கேட்டால்தான் உண்மை தெரியும். ஒரே நேரத்தில் நான்கைந்து இடங்களில் கேளுங்கள். ஒன்றின் பதிலுக்காகக் காத்திருந்துவிட்டு அடுத்ததைத் தேடுவது நாங்கள் செய்த பிழை.

சேர்வதற்கே பெரிய தொகை கேட்கும் இடம் எதுவானாலும் எழுந்து வந்துவிடுங்கள். பதிவு எண் இருப்பதாலேயே ஒரு ட்ரையல் தரமானது என்று ஆகிவிடாது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதத்தைக் கேட்டுப் பாருங்கள்.

5. எந்தக் கட்டம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

முதல் கட்டம் எவ்வளவு மருந்து தாங்கும் என்று பார்ப்பது. இரண்டாவது, கட்டி சுருங்குகிறதா என்று பார்ப்பது. மூன்றாவது, இப்போதுள்ள சிகிச்சையைவிட மேலா என்று ஒப்பிடுவது. ஒப்பிடும்போது ஒரு குழுவுக்குப் புது மருந்து, இன்னொரு குழுவுக்கு இப்போதுள்ள சிகிச்சை. எந்தக் குழுவில் போவீர்கள் என்பதைக் கணினி முடிவுசெய்யும், டாக்டராலும் மாற்ற முடியாது.

முதல் கட்டம் என்றால் பயன் இல்லை என்று ஒதுக்கவும் வேண்டாம், இரண்டாம் கட்ட முடிவைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். ஓலராட்டுமாப் என்ற மருந்து இரண்டாம் கட்டத்தில் ஆயுளை ஏறக்குறைய ஒரு வருடம் நீட்டியதாகத் தெரிந்து 2016-இல் அமெரிக்காவில் விரைவு அனுமதி பெற்றது. மூன்றாம் கட்டத்தில் அந்தப் பயன் தெரியவில்லை என்று 2019-இல் அறிவித்தார்கள். மருந்து சந்தையிலிருந்து போய்விட்டது. இன்னொரு பக்கம், அல்வியோலர் சாஃப்ட் பார்ட் சார்கோமாவுக்கு அட்டிசோலிசுமாப் 2022-இல் அனுமதி பெற்றது வெறும் 49 பேரை வைத்து நடந்த ஆய்வின் பேரில்தான். இவ்வளவு அரிய நோயில் ஒவ்வொருவரும் சேர்வது கணக்கில் வருகிறது.

வெற்று மாத்திரைக் குழு உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால், நோய் வளர்ந்தால் உண்மையான மருந்துக்கு மாற்றுவார்களா என்பது அடுத்த கேள்வி.

6. கோப்பைத் தயார் செய்யுங்கள்

மேலே ஒரே பக்கத்தில் ஒரு சுருக்கம் வைக்க வேண்டும். நோயின் முழுப் பெயர், கண்டுபிடித்த தேதி, ஆபரேஷன் தேதி, ஒவ்வொரு கீமோவின் பெயர், அளவு, எத்தனை முறை, முதல் நாள், கடைசி நாள், ஏன் நிறுத்தினார்கள், ரேடியேஷன் எங்கே எவ்வளவு, இப்போது எங்கெல்லாம் கட்டி இருக்கிறது. இந்த ஒரு பக்கத்தை நான் தயாரிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆனது. அதற்குப் பிறகு, முன்பு பத்து நாள் ஆன பதில்கள் இரண்டு நாளில் வந்தன.

அதற்குக் கீழே பேத்தாலஜி ரிப்போர்ட்டுகள், மரபணு ரிப்போர்ட், ஆபரேஷன் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரிகள், கடைசி இரண்டு ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், சமீபத்திய ரத்தப் பரிசோதனை, எக்கோ. ஸ்கேனுக்கு ரிப்போர்ட் மட்டும் போதாது, மூலப் படங்கள் பதிந்த சிடி வட்டு வேண்டும். வட்டை வாங்கிய இடத்திலேயே திறந்து பாருங்கள். எங்களுடையதில் ஒன்று ட்ரையல் மையத்தின் கணினியில் வெறுமையாக இருந்தது, அதற்காக மட்டும் ஒரு பயணம் வீணானது. எல்லாவற்றிலும் நோயாளியின் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இனிஷியல் முன்னால் ஒரு ரிப்போர்ட், பின்னால் ஒரு ரிப்போர்ட் என்றால் இருவர் என்று நினைப்பார்கள்.

7. ஒப்புதல் படிவமும் ஸ்கிரீனிங்கும்

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்ட பிறகுதான் ஸ்கிரீனிங், அதாவது நீங்கள் ட்ரையலுக்குப் பொருந்துகிறீர்களா என்று பார்க்கும் சோதனைகள், தொடங்கும். படிவம் இருபது முப்பது பக்கம் இருக்கும். அங்கேயே கையெழுத்துப் போட வேண்டியதில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லலாம். உங்களுக்குப் புரியும் மொழியில் கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம் என்ற வரி அதில் இருக்க வேண்டும்.

கையெழுத்திட்ட நாளிலிருந்து முதல் மருந்து வரை 28 நாள் என்று கெடு வைப்பது பரவலான வழக்கம். அதற்குள் ஸ்கேன், ரத்தம், எக்கோ, இசிஜி, மஞ்சள் காமாலை வைரஸ் சோதனைகள், சில இடங்களில் புது பயாப்சி எல்லாம் முடிய வேண்டும். ஒன்று தள்ளிப்போனால் மற்றொன்று காலாவதியாகும். அந்த நான்கு வாரத்தில் வேறு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். மூலிகை மாத்திரை, சத்து மாத்திரை எது எடுத்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள், அவற்றில் சில கல்லீரல் அளவை ஏற்றிவிடும். நோயாளி தன் வேலையைத் தானே செய்கிறாரா என்பதற்கும் ஒரு மதிப்பெண் உண்டு. பெரும்பாலும் 0 அல்லது 1 கேட்பார்கள், அதாவது நடமாடி, இலகுவான வேலை செய்ய முடிய வேண்டும். படுத்த படுக்கையாகும்வரை ட்ரையலைத் தள்ளிப்போட முடியாது என்பது இதனால்தான்.

நோயாளியின் நோயெதிர்ப்புச் செல்களையே மாற்றிக் கொடுக்கும் டி-செல் சிகிச்சை ட்ரையல் என்றால் முதலில் ரத்தத்தில் ஹெச்எல்ஏ வகை (செல்களின் மேல் இருக்கும், ஆளுக்கு ஆள் மாறும் அடையாளம்) பார்ப்பார்கள், பிறகு கட்டியில் குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சைனோவியல் சார்கோமாவுக்கு 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அஃபாமி-செல் சிகிச்சைக்கும் இரண்டும் பொருந்த வேண்டும், புரதத்தின் பெயர் மேஜ்-ஏ4. பொருந்தினால் நோயாளியின் செல்களை எடுத்து, ஆய்வகத்தில் மாற்றி, திரும்பச் செலுத்த வாரக்கணக்கில் ஆகும். தம்பிக்குப் புரதம் இருந்தது, ஹெச்எல்ஏ பொருந்தவில்லை. அன்றைக்கு வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. ஆனால் அந்த ரிப்போர்ட் வீணாகவில்லை. பிறப்பிலேயே அமையும் வகை என்பதால் அடுத்த மையத்துக்கு அதையே காட்டினோம், அந்த வகைச் சிகிச்சையில் எது பொருந்தாது என்று ஒரே நாளில் தெரிந்துவிட்டது. ஸ்கிரீனிங்கில் தவறினால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். ரத்த அளவு போன்ற காரணம் என்றால் மறுபடி ஸ்கிரீனிங் செய்ய முடியுமா என்று அப்போதே கேளுங்கள்.

8. பணத்தைப் பற்றிக் கூச்சப்படாமல் பேசுங்கள்

ட்ரையல் என்றால் எல்லாம் இலவசம் என்று நினைத்துக்கொண்டு போனோம். ஆய்வு மருந்தும், ஆய்வுக்காகவே செய்யும் சோதனைகளும் ஸ்பான்சர் (ட்ரையலை நடத்தும் நிறுவனம்) செலவு. வழக்கமான சிகிச்சையின் பகுதி என்று அவர்கள் கருதும் ஸ்கேன், படுக்கை, துணை மருந்துகள் உங்கள் தலையில் அல்லது காப்பீட்டின் தலையில் விழலாம். எது எந்தப் பக்கம் என்பது ஒவ்வொரு ட்ரையலிலும் மாறும். கோஆர்டினேட்டரிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்:

ஸ்கிரீனிங்கில் தவறினால் அதுவரையான சோதனைகளுக்கு யார் பணம் தருவது?
ஒப்பீட்டு மருந்து குழுவில் விழுந்தால் அந்த மருந்துக்கு யார்?
பக்கவிளைவுக்காக அவசரமாகச் சேர்க்க நேர்ந்தால், அதுவும் வேறு மருத்துவமனையில் என்றால்?
பயணம், தங்குமிடம் திருப்பித் தருவார்களா, துணைக்கு வருபவருக்கும் உண்டா, எத்தனை நாளில்?
ட்ரையல் முடிந்த பிறகும் மருந்து பலன் தந்தால் தொடர்ந்து கிடைக்குமா?

எங்களை உண்மையில் அழுத்தியது பயணமும் சம்பள இழப்பும்தான். முதல் இரண்டு மாதத்தில் வாரம் ஒரு முறை, சில நாட்களில் காலை முதல் இரவு வரை குறிப்பிட்ட மணிக்கு ரத்தம் எடுப்பார்கள். வருகை அட்டவணையை முன்கூட்டியே வாங்கி, வேலை செய்யும் இடத்தில் விடுப்பு பேசிவிடுங்கள். பில்களின் மூலத்தை மட்டுமே ஏற்பார்கள், வெப்பத்தாளில் அச்சான ரசீதுகளை அன்றே நகல் எடுத்துவிடுங்கள்.

9. சேர்ந்த பிறகு

மாத்திரை டைரியை உண்மையாக எழுதுங்கள். மறந்த நாளை மறந்தது என்றே எழுதலாம், யாரும் திட்டமாட்டார்கள். காலி டப்பாக்களையும் மிச்ச மாத்திரைகளையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். எங்கள் கோஆர்டினேட்டர் மேசையில் கொட்டி ஐந்தைந்தாக ஒதுக்கி எண்ணுவார். இருபத்துநான்கு மணி நேர எண் உள்ள அட்டையை நோயாளியின் பர்ஸில் வையுங்கள், ஒரு நகல் உங்களிடம். வேறு டாக்டர் எந்த மருந்து எழுதினாலும், பல் வலிக்கு என்றாலும், முதல் போன் அந்த எண்ணுக்கு.

ஆறு அல்லது எட்டு வாரத்துக்கு ஒரு முறை ஸ்கேன் வரும். அளந்த கட்டிகளின் கூட்டு நீளம், இதுவரை இருந்த மிகச்சிறிய அளவிலிருந்து 20 சதவீதம் வளர்ந்தாலோ, புதிதாகக் கட்டி தெரிந்தாலோ வளர்ச்சி என்று கணக்கிட்டு, பெரும்பாலும் ட்ரையலிலிருந்து விடுவிப்பார்கள். 10 சதவீதம் கூடியிருக்கிறது என்று கேட்டதும் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அந்த எண் கணக்கில் "ஸ்டேபிள்" என்றுதான் எழுதப்படும், மருந்து தொடரும்.

வெளியே வரும் நாள் வந்தால், ஆய்வு மருந்தின் கடைசித் தேதி, மொத்த அளவு, பக்கவிளைவுகள், எல்லா ஸ்கேன்களின் சிடி வட்டுகள், மீதமுள்ள திசு இவற்றைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த ட்ரையல் மையம் இதே கேள்விகளோடுதான் தொடங்கும். தம்பி பத்தாவது மாதமாக மருந்தில் இருக்கிறான். அவனுடைய பிளாக் போன மாதம் எங்கள் பேத்தாலஜி துறைக்குத் திரும்பி வந்தது. பெற்றுக்கொண்டதற்கான ரசீது கோப்பின் முதல் பக்கத்தில், அந்தச் சுருக்கத் தாளுக்குப் பின்னால் இருக்கிறது.